பந்தல் இல்லீங்க, பந்து

“அக்கா, இந்த மனுவுல உங்க கையெழுத்து வேணும்.”

“யாரு நீ? சைக்கிள் கடை ரஹமத் பாய் தங்கச்சிதானே?”

“ஆமாங்க. உம்மே ஹானி.”

“என்னா கையெழுத்து?”

“வார்டு கவுன்சிலர் கையெழுத்து.”

சந்திரம்மாள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. செருப்பு அடுக்கிய மரத்தட்டுகள்தான் இருந்தன. நான் அவரைத்தான் சொல்கிறேன் என்று அதற்குப் பிறகே அவருக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“கவுன்சிலரு லாரி ஓட்டப் போயிருக்காரு. சாயங்காலம் வா.”

“உங்க வீட்டுக்காரர் கவுன்சிலர் இல்லியேக்கா. நீங்கதானே?”

“நோட்டீசுல அப்பிடித்தான் போட்டிருந்தாங்க” என்றார். “குடு. எங்க போடணும்?”

“படிச்சுப் பாக்கலியா?”

“நீயே படிச்சு சொல்லு.”

படித்தேன். எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் அபிவிருத்தித் திட்டத்துக்கு நகராட்சி நிதி ஒதுக்க வேண்டும், நகராட்சிப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வேண்டும், மரப்பலகைக்குப் பதில் இரண்டு இரும்புக் கம்பம் வேண்டும் என்று எழுதியிருந்தது.

“எங்க பொன்னி அங்கதான் வருது” என்றார், குரலைத் தணித்துக்கொண்டு. “பேண்ட்டு போட்டுக்கினு ஓடுது. அவங்க அப்பாவுக்குத் தெரியாது. நீ சொல்லிடாத.”

“சொல்ல மாட்டேன்கா. ஆனா இது மன்றத்துல வரும்போது நீங்க எழுந்து ரெண்டு வார்த்தை பேசணும்.”

கையெழுத்துப் பாதியில் நின்றது.

“பேசணுமா?”

“ரெண்டே வார்த்தை.”

“கையெழுத்து எத்தினி வேணும்னாலும் கேளு, போடறேன். எழுந்து நிக்க மட்டும் சொல்லாத கண்ணு. எனக்கு பயம்.”

“என்ன பயம்கா?”

“என்னா பயம்னு கேட்டா? பயந்தான்.”

இதற்குள் ஒருவர் டோக்கனை நீட்டினார். சந்திரம்மாள் அவருடைய செருப்பை எடுத்துக் கொடுத்தார். பிறகு மீதிக் கையெழுத்தைப் போட்டுத் தாளை என்னிடம் தந்தார்.

அது 1998ஆம் ஆண்டு. கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருந்தவர் நகர்மன்ற உறுப்பினரான கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் நிற்கலாம் என்று அதுவரை ஆள் சேர்த்துவைத்திருந்தவர் பந்தல் கான்ட்ராக்டர் மூர்த்தி. அவருடைய மனைவி, வெயிலில் ஓட்டுக் கேட்டு அலைய முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் மூர்த்தி தன் லாரி டிரைவர் தருமனின் வீட்டுக்குப் போய், “உன் சம்சாரம் பேரைக் குடு” என்றாராம். சந்திரம்மாள் அப்போது அடுப்படியில் இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சுவரொட்டியில் மூர்த்தியின் படம் பெரிதாகவும் சந்திரம்மாளின் படம் ஓரத்தில் சின்னதாகவும் இருந்தது. ஜெயித்துவிட்டார்.

மன்றத்தில் அவருக்கு வாசலை ஒட்டிய நாற்காலி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தீர்மானத்தை அலுவலர் வாசிப்பார். யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் உறுப்பினர்கள் உள்ளங்கையால் மேசையைத் தட்டுவார்கள். அத்தோடு நிறைவேறிவிடும். “பக்கத்துல தட்டுனா நானும் தட்டுவேன். நம்ம வேலை அவ்ளோதான்” என்பார் சந்திரம்மாள். கூட்டம் முடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்.

எங்கள் கழகம் அப்படியொன்றும் பெரியதில்லை. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரமானபோது, புது அலுவலகங்களுக்கு வேலூரிலிருந்து குமாஸ்தாக்கள் வந்தார்கள். அவர்களில் சில இளைஞர்கள் எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கினார்கள். நகராட்சிப் பள்ளிக்குப் பின்னால் இருந்த பொட்டலைச் சமன்செய்து, பலகை நட்டு, கூடை மாட்டினார்கள். அந்த வளையத்தை வளைத்துக் கொடுத்தவர் என் அண்ணன் ரஹமத். குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். வளையமும் அண்ணனும் மிஞ்சினார்கள். பையன்கள் வந்தார்கள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போன பெண் பிள்ளைகள் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, “எங்களுக்கும் ஒரு பந்து குடுங்கண்ணா” என்றார்கள். அவர்களில் மூத்தவள் பொன்னி. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் சத்தம்போட்டு ஓடக்கூடிய இடம் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கழகத்துக்கு மனு எழுதுவது என் வேலை. ஐந்தாவது வரை உருதுப் பள்ளியிலும் பிறகு தமிழ்ப் பள்ளியிலும் படித்தவள் நான். தமிழ் எழுத்துகளைக் கொஞ்சம் தாமதமாகக் கற்றதால், எழுதியதை இரண்டு தடவை பார்க்காமல் கொடுக்க மாட்டேன்.

மனு ஆறேழு மாதம் அங்கேயே கிடந்தது. ஐப்பசி மாதக் கூட்டத்துக்குத்தான் வந்தது. கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டதால் அன்றைய பொருள்களில் பாதிக்கு மேல் பந்தல்தான்: தண்ணீர்ப் பந்தல், நிழற்பந்தல், கிரிவலப் பாதையில் முதலுதவிப் பந்தல். வேலை அதிகம் என்று தீர்மானங்களை வெளியே ஒரு டைப்ரைட்டிங் கடையில் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். அடித்தவர் யாரோ, எங்கள் வரிக்கு வந்தபோதும் அவர் விரல் பழக்கத்தில் போயிருக்கிறது. ‘கூடைப்பந்து அபிவிருத்தி’ என்பது ‘கூடை, பந்தல் அபிவிருத்தி’ ஆகிவிட்டது. குப்பைக்குக் கூடை, பக்தர்களுக்குப் பந்தல். தீபத்துக்கு முந்தின மாதம் எங்கள் ஊரில் அதை வாசித்த ஒருவருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை. அலுவலர் ஒரே மூச்சில் வாசித்தார். மேசைகள் தட்டப்பட்டன.

சந்திரம்மாள் அன்று சாயங்காலம் எங்கள் கடைக்கே வந்தார்.

“வந்துச்சு பாய்! கூடைப்பந்துனு காதாரக் கேட்டேன். எல்லாரும் ஒரு தட்டு தட்டுனாங்க, நான் ரெண்டு தட்டு தட்டுனேன்.”

“எழுந்து பேசுனீங்களாக்கா?” என்றேன்.

“எதுக்கு பேசறது? தானா வந்துச்சு” என்றார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மூர்த்தியின் ஆட்கள் கடப்பாறையோடு மைதானத்துக்கு வந்தார்கள். சவுக்குக் கழிகள் லாரியில் வந்து இறங்கின. லாரியை ஓட்டி வந்தவர் தருமன். பலகைக்குக் கீழே, பிள்ளைகள் நின்று பந்து எறிகிற இடத்திலேயே முதல் குழி தோண்டினார்கள்.

அண்ணன் ஓடினார். நானும் பின்னால் போனேன். மூர்த்தி மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி இருந்தார்.

“இன்னாண்ணே இது? இது விளையாடற எடம்” என்றார் அண்ணன்.

“தீர்மானம் பாய். கூடை, பந்தல் அபிவிருத்தி. கூடையும் வெப்போம், பந்தலும் போடுவோம். தீபத்துக்கு மட்டும் இல்ல, இனிமே மாசாமாசம் பௌர்ணமிக்கும் ஜனங்க இங்கதான் தங்கப் போறாங்க. கீழ நாலு கடையும் வரும்.”

“அது கூடைப்பந்துண்ணே. தப்பா அடிச்சிட்டாங்க.”

மூர்த்தி சிரித்தார். அதட்டிப் பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

“சாமி கும்பிட வர்றவங்களுக்குப் போடற பந்தல். அத வேணாம்னு சொல்றது யாரு? நீயா பாய்? கொஞ்சம் சத்தமா சொல்லு, நாலு பேரு கேக்கட்டும்.”

எங்கள் குடும்பம் அந்தத் தெருவில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. பௌர்ணமிக்கு வருகிறவர்களின் சைக்கிளுக்கெல்லாம் காற்றடித்துக் கொடுத்த கடை எங்களுடையது. ஆனாலும் அன்று நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பினோம். கதவைச் சாத்தியது நான்தான். பகல் நேரம்.

நகராட்சியில் விசாரித்தபோது ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும்போது, போன கூட்டத்தின் தீர்மானங்களை வாசித்து உறுதி செய்வார்கள். அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, இது தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று சொன்னால் திருத்தலாம். உறுதி செய்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த கூட்டம் தீபத்துக்கு முன்பே வந்தது. மற்ற வார்டு உறுப்பினர்களுக்கு இது சம்பந்தமில்லாத விஷயம். அண்ணன் போய் அவர்களிடம் கேட்டால் அது சாமிக்கு எதிரான பேச்சாகிவிடும். மிச்சம் ஒரே ஒருவர்.

சந்திரம்மாளிடம் நாங்கள் போய்க் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவரே வந்தார்.

“குழிய பாத்தேன்” என்றார். “பொன்னி அதுல எறங்கி நின்னுக்கினு அழுவுது. இடுப்பு வரைக்கும் இருக்குது ஹானி.” பிறகு, “என்னா சொல்லணும், அத மட்டும் சொல்லு. ஜாஸ்தி வேணாம், மறந்துடுவேன்” என்றார்.

“பந்தல் இல்லீங்க, பந்து. அவ்வளவுதான்கா.”

அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார்.

இந்தப் பேச்சு எப்படியோ மூர்த்தியின் காதுக்குப் போனது. முதலில் தருமனிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், வண்டியில் வேலை இருக்கிறது என்று. தருமன் வீட்டில் உட்கார்ந்தபடி, “உனக்கு எதுக்குடி இந்த வேலை? பந்துக்கும் நமக்கும் என்னா?” என்று கத்தியது அடுத்த வீடுவரை கேட்டது. பிறகு பௌர்ணமி வந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. தட்டுகள் நிரம்பித் தரையிலும் செருப்பு. கோபுரத்தின் முன் ஏதோ தள்ளுமுள்ளு என்று எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், மூன்று பேர் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்து தட்டுகளைக் கவிழ்த்தார்கள். எதையும் திருடவில்லை. ஒரு செருப்பையும் எடுக்கவில்லை. காலால் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவன் போகும்போது, “பந்து பொறுக்கற மாதிரி பொறுக்கு” என்றானாம்.

நான் போனபோது சந்திரம்மாள் குவியலின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் டோக்கனை நீட்டிய கைகள். மலையைச் சுற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தவர்கள், பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். “திருடி” என்று ஒரு பெண் கத்தினார். ஜோடி சேர்க்கச் சேர்க்கச் சந்திரம்மாளின் கைகள் வலதையும் இடதையும் தவறவிட்டுக்கொண்டே இருந்தன. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். பொன்னியும் அவள் தோழிகளும் வந்தார்கள். அவர்கள் பந்து பிடிப்பதுபோல ஒருத்தி எறிய ஒருத்தி பிடித்து ஜோடி சேர்த்தார்கள். சில பெண்கள் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். சந்திரம்மாள் மட்டும் நிமிரவில்லை.

“அவங்க மூஞ்ச பாத்தீங்களாக்கா?” என்று அப்புறம் கேட்டேன்.

“நான் பாக்கல. ஆனா எதிர்ல வந்த பொன்னிய அவங்க நின்னு பாத்தாங்க” என்றார்.

கூட்டத்தன்று நான் பார்வையாளர் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சந்திரம்மாள் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். வாசலை ஒட்டிய நாற்காலியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடிவிடலாம் என்பதுபோல விளிம்பில் உட்கார்ந்தார். மூர்த்தி இரண்டு பேரோடு எனக்கு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவர் பூசியிருந்த ஜவ்வாது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“சென்ற கூட்டத் தீர்மானங்கள் உறுதி செய்யப்படுகின்றன. ஆட்சேபணை?” என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல். கைகள் மேசைக்கு மேல் உயர்ந்தன.

சந்திரம்மாள் எழுந்தார். இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றினார். மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர் மூடியோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

“இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்றார் தலைவர்.

“அது பந்தல் இல்லீங்க” என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. பிறகு, “பந்து” என்றார்.

சிரிப்பு எழுந்தது. “தீபத்துக்கு வர்றவங்க மழையில பந்தையா தலைமேல புடிச்சுக்குவாங்க தங்கச்சி?” என்றார் ஓர் உறுப்பினர். இன்னும் பெரிய சிரிப்பு. மூர்த்தியின் தோள்கள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். உட்கார்ந்துவிடுவார், இதோ உட்கார்ந்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று நின்றதாகப் பிறகு சொன்னார்.

“ஐயா, நான் போன கூட்டத்துல மேசைய தட்டுனேன். பந்துனு நெனச்சுத்தான் தட்டுனேன். என் வார்டு அது. பந்தலுக்கு நான் தட்டல. தட்டுனத வாபஸ் வாங்கிக்கிறேன்.”

தட்டியதை வாபஸ் வாங்கலாமா என்று தலைவருக்குத் தெரியவில்லை. ஆணையாளரைப் பார்த்தார். ஆணையாளர் எங்கள் மனுவைக் கொண்டுவரச் சொன்னார். அதில் பந்து என்றுதான் இருந்தது, கவுன்சிலரின் கையெழுத்தும் இருந்தது. இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ‘கூடைப்பந்து’ என்று திருத்தி உறுதி செய்யப்படுவதாக அலுவலர் வாசித்தார். மேசைகள் தட்டப்பட்டன. சந்திரம்மாள் தட்டவில்லை. அவர் கைகள் ஊன்றிய இடத்திலேயே இருந்தன.

மூர்த்தி எழுந்து போகும்போது சந்திரம்மாளின் நாற்காலியருகே ஒரு கணம் நின்று, “நல்லா பேசுன தங்கச்சி” என்றார்.

கழிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். குழிகளை நாங்களே மூடினோம். மூடிய இடத்தில் மண் இறுகாமல், அங்கே விழுந்த பந்து எழும்பாது. பிள்ளைகள் அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். கம்பங்கள் வந்தன. ஆரணியிலிருந்து சந்திரகலா என்ற பயிற்சியாளர் வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து போனார். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போன எங்கள் பிள்ளைகள், எதிரணிக்காரர்கள் காரணம் புரியாமல் பார்க்க, இல்லாத குழியைச் சுற்றி ஓடினார்கள்.

தருமனுக்கு லாரிச் சாவி திரும்பக் கிடைக்கவில்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றும் ஆட்டோ ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். கொஞ்ச நாளில் அவரே பொன்னிக்கு ஷூ வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த தேர்தலில் சந்திரம்மாள் நிற்கவில்லை.

ஊரில் அவரைத் துணிச்சல்காரி என்றார்கள். அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதற்குப் பிறகு மூர்த்தி அவரை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஸ்டாண்டுக்கு வந்து தன் செருப்பைக் கழற்றி விடுவார். டோக்கனை வாங்கிக்கொண்டு, “பத்திரமா பாத்துக்க. பொன்னி எப்பிடி இருக்குது? நல்லா வளந்துடுச்சு” என்பார். அவ்வளவுதான். அவர் மலையைச் சுற்றிவிட்டு வரும்வரை சந்திரம்மாள் அந்தச் செருப்பு இருந்த தட்டின் பக்கம் திரும்ப மாட்டார். வந்து கேட்கும்போது ஒரே தடவையில் சரியாக எடுத்துக் கொடுப்பார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. உள்ளே பொன்னி இருக்கிறாளா என்று முதலில் பார்த்துக்கொண்டார்.

“ஹானி, ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாத. ஆட்டம் முடிஞ்சதும் பொன்னிகூட எங்க தெரு முனை வரைக்கும் வந்து விட்டுட்டுப் போ. ஏன் வர்றேன்னு கேட்டா, அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்குன்னு சொல்லு. அவங்க அம்மா யாருக்கும் பயப்படாதவனு அது பள்ளிக்கூடத்துல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்குது. எனக்குப் பயம்னு மட்டும் அதுகிட்ட சொல்லிடாத.”